மருதம்பட்டையும் மாத்திரையும் நடுவில் என் நெஞ்சும்

போன வாரம் காந்திபுரத்தில் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். பிரஷர் பார்த்தவர் முகம் சுருங்கியது.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களா?"

"சாப்பிடறனுங்க சார்."

பச்சைப் பொய்.

மூன்று மாசத்துக்கு முன்னால் நெஞ்சைப் பிசைந்தபோது இவர்தான் மாத்திரை எழுதினார். "சரிங்க" என்றேன். அதே வாரம் தாராபுரத்திலிருந்து என் பெண்டாட்டியின் அண்ணன் வந்தார். அமராவதிக் கரையில் நிற்கிற மருத மரத்துப் பட்டை... ஒரு மஞ்சள் பை நிறைய.

"மாப்ள, நெஞ்சுக்கு இதை மிஞ்சி ஒண்ணுமில்லீங்க. இடிச்சுப் பால்ல காய்ச்சிக் குடிங்க. மாத்திரையைத் தூக்கிக் கடாசுங்க."

அவருக்கும் "சரிங்க" என்றேன். எங்கள் பக்கத்து ஆளுக்கு 'முடியாதுங்க' என்று வாயில் வருமா? நாலாம் வகுப்போடு நின்ற மண்டை வேறு. கஷாயம் உள்ளே போனது — நாக்கு ஒட்டிக்கொள்கிற துவர்ப்பு. மாத்திரை பீரோவில் தூங்கியது. தினமும் கஷாயம் காய்ச்சிக் கொடுத்த பெண்டாட்டியிடம், மாத்திரையும் சாப்பிடுவதாகவே சொல்லிவைத்தேன்.

டாக்டர் சீட்டை எடுத்தார். "அப்ப இந்த டோஸ் பத்தல. டபுளாக்கிடலாம்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்டாட்டி வெளுத்துவிட்டாள். "அத்தனை முத்திப்போச்சுங்களா டாக்டர்?"

அந்தக் குரலைக் கேட்டபிறகு பொய்யைச் சுமக்கத் தெம்பில்லை. "மாத்திரையைத் தொடவே இல்லீங்க சார். மருதம்பட்டைதான் குடிக்கறேன்."

டாக்டர் பேனாவை மூடினார். திட்டவில்லை. அவருக்கும் அலுத்திருக்கும்.

"காலைல இருந்து நீங்க நாலாவது ஆளுங்க. பட்டை நல்லதோ கெட்டதோ, எங்கிட்டச் சொல்லிப்போட்டுக் குடிக்கலாமில்ல? டபுள் டோஸை நெசமாவே முழுங்கியிருந்தா என்னாயிருக்கும்?"

பழைய டோஸையே எழுதினார். அடுத்த செக்கப் வரை பட்டை வேண்டாம் என்றார்.

"சரிங்க" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

டவுன் பஸ்ஸில் மூன்று ஸ்டாப் தாண்டியதும் பெண்டாட்டி ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்.

"ஏனுங்க... இனி டாக்டருக்கும் அண்ணனுக்கும் நான் பதில் சொல்லிக்கறேன். நீங்க மூச்சு மட்டும் உடுங்க, போதும்."

விட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.