கனகாம்பாள் பேரில் ஒரு பேன்

"லாரியில எழுதின பேரு நாலு மழையில பூடும். நான் வெக்கிற பேர எந்தக் கொம்பனாலயும் அழிக்க முடியாது."

1968-இல், மீஞ்சூரில், மைத்துனன் வீட்டுக் காதுகுத்து விருந்தில், பாயசத்துக்கும் மோருக்கும் நடுவே அருணகிரி வெளியிட்ட பிரகடனம் இது. காரணம் இல்லாமல் இல்லை. மைத்துனன் ராஜவேலு புதிதாக லாரி வாங்கி, அதன் நெற்றியில் தன் மனைவி செண்பகத்தின் பெயரை மஞ்சள் பெயிண்டில் எழுதியிருந்தான். புதுவாயல் முனையில் அது திரும்பும்போதெல்லாம் செண்பகத்தின் புகழ் கல்கத்தா ரோடு நெடுகப் பரவியது. அதே புதுவாயலில் குடியிருந்த கனகாம்பாள், ராஜவேலுவின் அக்காள், அருணகிரியின் மனைவி, அன்று பாயசத்தைத் தொடவில்லை.

அருணகிரியிடம் லாரி இல்லை. பொன்னேரிப் பக்கம் ஒரு பயிர்ப்பூச்சி ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலையும், ஒரு சைக்கிளும், சர்க்காருக்குச் சொந்தமான மைக்ராஸ்கோப்பும் இருந்தன. அவருடைய ராஜ்யம் இலையின் அடிப்பக்கம். அங்கே ஊசிமுனை அளவில் எட்டுக்கால் சிலந்திப்பேன்கள் குடியிருக்கின்றன. சில, இலையை உறிஞ்சும். சில, இலையை உறிஞ்சுகிறவர்களைப் பிடித்து உறிஞ்சும். இரண்டாவது வகையிடம் அருணகிரிக்குத் தனி மரியாதை. ஆபீஸில் வந்த பழக்கம்.

புது இனம் என்று அறிவிக்க ஒரு முறை உண்டு. பேனைக் கண்ணாடித் தகட்டில் பதித்து, முதுகு முடிகளை எண்ணி, ஒவ்வொன்றாக அளந்து, படம் வரைந்து, வர்ணனையை அச்சிட வேண்டும். வர்ணித்தவருக்கே பேர் வைக்கும் உரிமை. அதை அருணகிரி ஏற்கெனவே ஒருமுறை பயன்படுத்தியிருந்தார். கத்தரித் தோட்டத்தில் கிடைத்த சிவப்பு வேட்டைப்பேனுக்குத் தம் மேலதிகாரி லோகநாதனின் பெயரைச் சூட்டி, 'லோகநாதனி' என்று லத்தீனில் முடித்தார். அந்த வருஷமே பதவி உயர்வு வந்தது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று இருவருமே சொன்னார்கள்.

காதுகுத்துக்குப் பிறகு வீட்டுச் சாப்பாட்டில் உப்பு ஒரு நிலையில் இல்லை. ஆகவே அவசரமாக ஒரு புது இனம் தேவைப்பட்டது. மீஞ்சூர் ஸ்டேஷன் ஓரத்து ஆமணக்கில் கிடைத்தது. லோகநாதனியின் அதே நடை, அதே வேகம்; நிறம் மட்டும் பாலாடை வெளுப்பு. முடிகளை எண்ணினார், அதே எண்ணிக்கை. அளந்தார், அதே நீளம். மனைவியின் முகத்தை நினைத்துக்கொண்டு மறுபடி அளந்தார்; கடைசி முடி சற்று நீண்டது. இன்னொருமுறை அளந்ததில் நன்றாகவே நீண்டுவிட்டது. லத்தீன் பெண்பால் முடிவோடு 'கனகாம்பாலே' பிறந்தாள். பிராணியைவிடப் பேர் நீளம்தான். அதனால் என்ன?

தகடு ஒன்று லண்டன் மியூசியத்துக்குப் போயிற்று. கனகாம்பாள் மீஞ்சூருக்குப் போனாள்.

"உன் பேரு ரோட்ல ஓடுது. என் பேரு லண்டன்ல கீது."

"பேனுக்குத்தானே அண்ணி?" என்றாள் செண்பகம்.

பேனின் மகிமையை உறவினர்கள் நேரில் காணவேண்டும் என்று கனகாம்பாள் உத்தரவிட்டாள். அருணகிரி வீட்டிலேயே ஒரு தட்டில் ஈரப்பஞ்சின்மேல் ஆமணக்கு இலையை வைத்து, ஆமணக்குப் பூவின் மகரந்தத்தைத் தூவி, உயிருள்ள கனகாம்பாலேக்களை வளர்த்தார். வந்தவர்களுக்குக் காபியும் பூதக்கண்ணாடியும் தரப்பட்டன. 1970 ஐப்பசியில் அடித்த மழையில் ஆமணக்குப் பூவெல்லாம் கொட்டிப்போயிற்று. மனைவி பேரில் இருப்பது பட்டினி கிடக்கலாமா? இலையை உறிஞ்சும் சிவப்புப் பேனான செஞ்சிலந்தி அப்பிய கத்தரி இலைகளைக் கொண்டுவந்து தட்டில் போட்டார். வேட்டை ஜோராக நடந்தது. சில நாள் கழித்து கனகாம்பாள் பூதக்கண்ணாடியைத் தட்டின்மேல் பிடித்தாள்.

"இன்னாங்க, என் பூச்சி செவந்துகினு கீது?"

எட்டிப் பார்த்தார். தட்டு முழுக்க லோகநாதன்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

மகரந்தம் தின்றால் வெளுப்பு, செஞ்சிலந்தியைத் தின்றால் சிவப்பு. தின்றது வெளியே தெரிகிற உடம்பு. இனம் ஒன்றேதான். ஒரே இனத்துக்கு இரண்டு பேர் வைத்துவிட்டால் முதலில் அச்சானதுதான் நிற்கும். மற்றது அதன் காலடியில் செல்லாத பேராகக் கிடக்கும். அருணகிரி தட்டைச் சாக்கடைப் பக்கம் எடுத்துப்போனார். கனகாம்பாள் கையைப் பிடித்து விஷயத்தைக் கறந்துவிட்டாள்.

"மொதல்ல யாரு பேர வெச்சே?" வழக்கமான 'ங்க' காணாமல் போயிருந்தது.

"ஆபீசருது."

"அப்ப நான் அந்தாளுக்கு ரெண்டாவதா?"

லண்டன்காரன் முடியை எண்ண இன்னும் பல வருஷம் ஆகும், அதுவரை பேர் நிற்கும் என்று அருணகிரி சமாதானம் சொன்னார்.

"எவனோ கண்டுபுடிச்சு எட்த்தான்னா செண்பகம் சிரிப்பா. நீயே எட்த்துடு. அந்தாளு காலடியில என் பேரு ஒரு நாளும் இருக்கக் கூடாது."

எடுத்தாலும் பேர் அந்தக் காலடியில்தான், செல்லாத பேராக உலகம் உள்ளவரை கிடக்கும் என்பதை அவர் சொல்லவில்லை. விஞ்ஞானியின் தைரியத்துக்கும் எல்லை உண்டு.

அரைப்பக்கத் திருத்தத்தை எழுதி அச்சுக்கு அனுப்பினார். மறுநாள் சைக்கிளில் ஆபீஸ் போகையில் புதுவாயல் முனையில் லாரி திரும்பியது. மூன்று ஐப்பசி மழை பார்த்த செண்பகத்தில் ஓர் எழுத்துகூட மங்கவில்லை. அருணகிரி இறங்கி வழிவிட்டார்.

ஆய்வுக்கூடத்தில் பெட்டியைத் திறந்து, மீதமிருந்த கனகாம்பாலே தகட்டின் ஓரத்தில் தம் கையாலேயே மசியில் எழுதியிருந்த பேரைப் பார்த்தார். கட்டைவிரலில் எச்சில் தொட்டுத் தேய்த்தார். ஒரே தேய்ப்பில் போய்விட்டது.