கை தூக்காத சங்கம்

பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து குடும்ப நல ஆலோசகர்களுக்கு ஒரு சங்கம் வேண்டும் என்று எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி வாய் வலித்தது எனக்குத்தான். புருஷன் பெண்டாட்டி சண்டையை நாள் முழுக்கக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறோம். கேட்டதை வெளியே சொல்லக்கூடாது. குழப்பம் வந்தால் கேட்க ஆளும் கிடையாது. முதல் கூட்டம் நடந்த வாரம் எனக்குக் குழப்பம் கழுத்து வரை இருந்தது. குன்னம் பக்கத்துப் பெண் ஒருத்தி, புருஷனின் அடி தாங்காமல் அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். வெங்காயம் பிடுங்க ஆளில்லை என்று புருஷன் வீட்டார் திங்கட்கிழமை அவளைக் கூட்டிப் போக வருவதாக இருந்தது. போகட்டுமா என்று என்னிடம் கேட்டாள். "உங்களுக்கு என்ன தோணுது?" என்று நானும், முடிவை நாம் சொல்லக்கூடாது என்று படித்த படிப்புப்படியே திருப்பிக் கேட்டு வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பெரம்பலூரில் ஒரு பள்ளிக்கூட அறையில் கூடினோம். தலைவர் பதவிக்கு மூத்தவர்கள் இருவர் நின்றார்கள்: பெரம்பலூர் சார் ஒருவர், அரியலூர் மேடம் ஒருவர். சாரை ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள் என்றேன். ஒரு கையும் எழும்பவில்லை. சரி, மேடம் ஜெயித்துவிட்டார் என்று நினைத்து அவருக்கும் கேட்டேன். அதற்கும் இல்லை. யார் பக்கமும் சாயாதே என்பதுதான் எங்கள் தொழிலின் முதல் பாடம். அது ஊறிப்போய் ஓட்டுப் போடக்கூடக் கை வரவில்லை. நின்ற இருவரும் தங்களுக்கே கை தூக்கவில்லை! சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

"இப்ப இந்த ரூம்ல என்ன நடக்குதுன்னு எல்லாரும் கொஞ்சம் கவனிக்கலாங்களா?" என்றார் சார்.

"அவங்கவங்க மனசுல இருக்கறத சொல்லுங்க, கேப்போம்" என்றார் மேடம்.

டீ வந்தது, ஆறியது. ஒருவர் சொன்னதை இன்னொருவர், "அப்படின்னா நீங்க சொல்ல வர்றது..." என்று திருப்பிச் சொல்வதிலேயே நேரம் போனது. எனக்குப் பொறுமை போய்விட்டது. பெயர், ஊர் சொல்லாமல் அந்தப் பெண்ணின் கதையைச் சொல்லி, என்ன செய்வதென்று கேட்டேன்.

"உங்களுக்கு அது எப்படி இருக்குதுங்க?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

கத்திவிட்டேன். "திருப்பிக் கேக்காதீங்க! நாளைக்கு வந்துடுவாங்க. அனுப்பலாமா, கூடாதா? இதுக்கும் பதில் இல்லன்னா எதுக்குங்க சங்கம்?"

மேடம் ஆறிய டீயைத் தள்ளி வைத்தார். பிறகு, "அனுப்பாதீங்க" என்றார்.

"அனுப்பவே கூடாது. மொதல்ல அந்தப் பொண்ணு உசுரோட இருக்கட்டும், அப்புறம் குடும்பம்" என்றார் சார். மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

தலைவர் யார் என்பது அன்று முடிவாகவில்லை. நான் வராந்தாவுக்கு வந்து அவளுக்குப் போன் போட்டேன். "போகாதீங்க. அம்மா வூட்டுலயே இருங்க. நாளைக்கு அவங்க வரும்போது நானும் வரேன்" என்றேன். இத்தனை வருஷத்தில் யாருக்கும் இப்படி முடிவு சொன்னதில்லை. சொல்லலாமா என்பது இன்றும் எனக்குக் குழப்பம்தான். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் அழுகைச் சத்தம் மட்டும் கேட்டது.

"இத ஒருத்தராவது சொல்ல மாட்டாங்களான்னுதான் இருந்தேங்கக்கா" என்றாள்.