கடைசி வார்டுக்குக் கிடைத்த குளிர்

ஆஸ்பத்திரியில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. பம்ப் அக்கா என்றால் போதும். பதினெட்டு வருடமாகக் கீழ்த்தளப் பம்ப் அறையில் நின்று, குளிர்ந்த நீரைக் குழாய்களில் ஓட்டி வார்டுகளைக் குளிர வைக்கிறாள். குழாயில் உள்ளங்கையை வைத்தே நாடி பார்த்துவிடுவாள்.

"என்னைவிட அந்தக் குழாயைத்தான் அதிகமா தொடுற," என்று சீண்டுவார், தையல்காரரான அவள் கணவர்.

"அது எதிர்த்துப் பேசாதுல்ல!"

அவளிடம் மசியாத குழாய் ஒன்றே ஒன்றுதான், கடைக்கோடியில் இருந்த பிரசவ வார்டுக்குப் போவது. அங்கே போய்ச் சேர்வதற்குள் தண்ணீர் சோர்ந்துவிடும். கோடை வந்தால் வார்டைப் பூட்டி, தாய்மார்களைத் தாழ்வாரக் கட்டில்களுக்கு மாற்றுவார்கள். இந்த முறை வெள்ளிக்கிழமைதான் கெடு. போதாக்குறைக்கு அவள் நாத்தனாரும் மூன்று நாள் குழந்தையோடு அங்கேதான் இருந்தாள்.

"ஆஸ்பத்திரி முழுக்க குளிர் குடுக்குறீங்க அண்ணி, உங்க மருமகளுக்கு மட்டும் விசிறியா?"

அக்காவுக்குச் சுருக்கென்றது.

செவ்வாய்க்கிழமை இன்ஜினியர் ஒரு மருந்து கொண்டுவந்தார். சோப்புக்கு உறவான சரக்கு. துளியூண்டு கலந்தால் போதும், குழாய்க்குள் சுழன்று முட்டி மோதி வீணாகும் தண்ணீர் அடங்கி நேராக ஓடும். ஊற்றிய ஒரு மணி நேரத்தில் பம்ப்பின் முனகல் தணிந்தது, கடைசிக் குழாயில் தண்ணீர் பாய்ந்தது. அக்கா கைதட்டியே விட்டாள்.

ஆனால் வார்டு மட்டும் அடுப்படியாகவே இருந்தது.

வியாழன் காலை, தண்ணீரின் குளிரை வாங்கி வார்டுக்குள் காற்றாக ஊதும் குளிர்விப்பான் பெட்டிக்குள் போகும் குழாயைத் தொட்டாள். ஜில். வெளியே வரும் குழாயும் அதே ஜில். குளிரை இறக்காமலே தண்ணீர் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. பக்கத்து வார்டில் வெளியே வரும் குழாய் ஒழுங்காக வெதுவெதுத்தது. அதே தண்ணீர், அதே மருந்து, அதே பெட்டி. ஒரே வித்தியாசம், இந்தப் பெட்டியின் வாயில் மட்டும் கம்பி வலை இல்லை. தண்ணீருக்கு அது இடைஞ்சல் என்று போன மாதம் அவளே கழற்றி எறிந்திருந்தாள். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான்.

ஓடிப்போய் இன்ஜினியரிடம் சொன்னாள். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அடங்குன தண்ணி வேகமா ஓடும், ஆனா குளிரை விட்டுக் குடுக்காது அக்கா. அது புரண்டாதான் குளிர் குழாய்ச் சுவருக்கு வரும். வலைக்குள்ள நுழையும்போது மருந்து கொஞ்ச நேரம் கலைஞ்சுபோகும், தண்ணி புரளும். அப்புறம் தானாவே கூடிக்கும்."

"அப்போ ஓடுற வரைக்கும் சாது, பெட்டிக்குள்ள மட்டும் முரடு. எங்க வீட்டுக்காரருக்கு நேர்மாறு!" என்று சிரித்தபடியே வலையைத் தேடக் கிளம்பினாள்.

பழைய இரும்புக் குவியலில் கிடைத்த வலையைத் தேய்த்துக் கழுவி, மதியத்துக்குள் தன் கையாலேயே மாட்டினாள். சாயங்காலம் வெளியே வரும் குழாயைத் தொட்டாள். வெதுவெதுப்பு. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை பம்ப் அறை போன் அலறியது. பிரசவ வார்டு நர்ஸ்.

"அக்கா, இங்க எல்லாரும் நடுங்குறாங்க. உங்க நாத்தனார் ரெண்டு போர்வை கேக்குறாங்க. கொஞ்சம் குறைங்களேன்!"

பதினெட்டு வருடத்தில் அந்த வார்டிலிருந்து இப்படியொரு புகார் வந்ததே இல்லை.

"சரியா கேக்கல," என்று பொய் சொன்னாள் அக்கா. "இன்னொரு தடவ சொல்லுங்க."