அம்மா வெயிலில் காயப்போட்ட மருந்து

கஞ்சாவை அவசரமாகக் காயவைத்தால் வைக்கோல் வாடை வரும். முதல் வருட அறுவடையைப் பாழாக்கித்தான் இதைக் கற்றுக்கொண்டேன். நாங்கள் இருக்கும் சான் ரமோனில் அக்டோபர் வெயில் பொல்லாதது, காற்றில் ஈரம் பேருக்குக்கூட இருக்காது. கராஜில் தொங்கவிட்ட இரண்டு செடிகளும் மூன்றே நாளில் கருவாடாகிவிட்டன. மேலே மொறுமொறு, உள்ளே காம்பில் பச்சை ஈரம். புகைத்தால் தொண்டையைச் சுரண்டியது.

அடுத்த வருடம் விடுவேனா? மாடியில் யாரும் புழங்காத குளியலறையைப் பிடித்துக்கொண்டேன். இலைகளைக் கழிக்காமல் செடியை முழுசாகத் தலைகீழாகத் தொங்கவிட்டேன். ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடி, கம்பியில் ஈரத் துண்டு ஒன்றைப் போட்டு, சின்ன ஃபேனைச் செடி மேல் படாமல் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தேன். இரண்டு வாரம் மெதுவாகக் காய வேண்டும். குச்சியை வளைத்தால் துவளக் கூடாது, டக்கென்று ஒடிய வேண்டும். பிறகு கண்ணாடி ஜாடியில் அடைத்து, தினமும் மூடியைத் திறந்து காற்றாட விட்டு, இன்னும் ஒரு மாதம். "என்னைக்காவது எனக்கு ஜுரம் வந்தப்ப இப்படி எட்டிப் பார்த்திருக்கியா?" என்று மனைவி கேட்டாள். கேட்க வேண்டிய கேள்விதான்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு எந்த வியாதியும் இல்லை. கலிபோர்னியாவில் வீட்டில் இரண்டு செடி வளர்த்தால் யாரும் பிடித்துக்கொண்டு போகமாட்டார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து கொல்லையில் உட்கார்ந்து ஒன்று பற்றவைப்பேன். அவ்வளவுதான் விஷயம்.

அந்த அக்டோபரில் அம்மா எங்களோடு இருந்தாள். அப்பா போன பிறகு தூத்துக்குடியிலிருந்து தனியாக வந்த முதல் பயணம், ஆறு மாதம் இருப்பதாக ஏற்பாடு. செடியைத் தொங்கவிட்ட மறுநாளே வாடையைப் பிடித்துக்கொண்டு போய்க் குளியலறைக் கதவைத் திறந்துவிட்டாள்.

"என்னய்யா இது, இந்த வாடை அடிக்கு?"

"மருந்துச் செடிம்மா."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

"உனக்கு என்ன செய்யுது?"

"பெருசா ஒண்ணுமில்ல, விடு."

பெரிதாக ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் சேரும் நாள்வரை அப்பாவும் சொல்லிக்கொண்டிருந்தார். வாயிலிருந்து வார்த்தை விழுந்தபோது எனக்கு அது உறைக்கவில்லை. அம்மாவுக்கு உறைத்திருக்கிறது. கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போனாள்.

"கஞ்சான்னு ஓப்பனா சொல்லிடேன். லீகல்தானே, என்ன பயம்?" என்றாள் மனைவி. பயமில்லை, வெட்கம். அம்மாவுக்குக் கஞ்சா என்றால் பேப்பரில் மூட்டைகளோடு முகத்தை மூடி உட்கார்ந்திருக்கும் ஆட்கள். நானோ மாதா கோயில் பூசையில் சாமியாருக்கு மணியடித்த பிள்ளை. அந்தப் பிள்ளையாகவே அவள் கண்ணில் இருந்துவிட ஆசைப்பட்டேன்.

ஒன்பதாவது நாள் ஆபீஸிலிருந்து வந்தபோது அம்மா வாசலிலேயே நின்றாள், கையில் எவர்சில்வர் டப்பா.

"ஈரத்துணியத் தொங்கவிட்டு நெழல்ல வச்சா அது என்னைக்குக் காயும்? பூசணம்லா பிடிக்கும். அதான் கொல்லையில பெட்ஷீட்ட விரிச்சுக் காயப்போட்டேன். ஒரே வெயில்ல சுக்காக் காஞ்சிட்டுய்யா."

திறந்தேன். தொட்டதும் பொடிந்தது. அதே வைக்கோல் வாடை. எனக்குக் கண்மண் தெரியவில்லை.

"உன்னை யாரும்மா தொடச் சொன்னது? ஒரு வருஷ மருந்து! எல்லாத்தையும் நாசம் பண்ணிட்டியே!"

கத்தினேன், சரி. கத்தும்போதும் 'மருந்து' என்ற சொல்லை மறக்காமல் எடுத்துப் போட்டேன் பாருங்கள், அதை நினைத்தால்தான் இன்றும் என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

அம்மாவின் முகம் செத்துவிட்டது. "வேற வாங்க முடியாதாய்யா? கடையில கிடைக்காதா?"

"இது மாதிரி கிடைக்காது. இனி அடுத்த வருஷம் அறுத்தாதான்."

போனில் நாலு தட்டு தட்டினால் ஒரு மணி நேரத்தில் வாசலுக்கே கொண்டுவந்து கொடுப்பார்கள். என் கைப்பக்குவம் போச்சே என்ற எரிச்சலில் சொன்னது அது. அவளுக்கு அது, அடுத்த வருடம்வரை பிள்ளைக்கு மருந்து இல்லை என்று கேட்டிருக்கிறது. மாடிப்படியில் உட்கார்ந்து, டப்பாவை மடியில் கவிழ்த்து, தூளில் ஏதாவது தேறுமா என்று விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் குளிக்கப் போய்விட்டேன்.

மறுநாளிலிருந்து அம்மா மீனைத் தொடவில்லை. தூத்துக்குடிக்காரி! காலையும் மாலையும் கார்ப்பெட்டில் முழங்கால் போட்டு ஜெபமாலை சொன்னாள். நான் எத்தனை இட்லி சாப்பிடுகிறேன் என்று எண்ணினாள். சமையலறையில் மனைவியிடம் மெதுவாக, "டாக்டர் என்ன சொல்லுதாரு?" என்று கேட்டிருக்கிறாள். "நீயா சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்று அன்றைக்கு மனைவி என்னிடம் சண்டைக்கு வந்தாள். ஊருக்குக் கிளம்பும்போது நானே சொல்கிறேன் என்று தவணை வாங்கிக்கொண்டேன். ஏர்போர்ட்டில் அம்மா என் கன்னத்தைத் தடவி, "உடம்பப் பாத்துக்கய்யா" என்றாள். சரி என்றேன்.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடியோ காலில் வந்தாள். தலையில் முந்தானை. கோயிலிலிருந்து வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். போனைச் சாய்த்து வைக்கக் கையை நீட்டியபோது முந்தானை நழுவியது. மொட்டைத் தலை, மேலே சந்தனம்.

"வேளாங்கண்ணிக்குப் போயிட்டு வந்தேன்யா. உன் மருந்தக் கெடுத்தது நான்தான? அது இல்லாமலே என் பிள்ளைக்கு நல்லாகணும்னு அங்க உன் வீட்டுல வச்சே நேந்துக்கிட்டேன். இப்ப எப்படி இருக்கு?"

பக்கத்தில் மனைவி காபியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நல்லாயிடுச்சும்மா."

அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். சந்தோஷத்தில் அழுதாள், மூக்கைச் சிந்தினாள், பிறகு கேட்டாள்: "அப்ப இன்னும் ஒண்ணு இருக்குய்யா. நல்லானா வெள்ளியில உறுப்பு செஞ்சு மாதாவுக்குப் போடுதேன்னு சொல்லியிருக்கேன். உனக்கு எதுல சீக்குன்னு நீ கடைசிவரை சொல்லவே இல்லையே. ஆசாரிட்ட என்னன்னு சொல்ல?"

உண்மையைச் சொல்லிவிட இதைவிட நல்ல நேரம் வராது என்று தெரிந்தது. அந்தத் தலையைப் பார்த்தேன்.

"வயிறும்மா" என்றேன்.

மனைவி எழுந்து உள்ளே போய்விட்டாள். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பேனாவைத் தேடியெடுத்து, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் 'வயிறு' என்று எழுதிக்கொண்டாள்.