நாற்பது நொடிப் படகு

இன்று யாரைச் சந்தித்தேன் தெரியுமா? நொட்டை அக்காவை. ஒரு சின்ன வீடியோ கேம் கம்பெனியில் டெஸ்டர். கேம் கடைக்கு வருவதற்கு முன்னால் அதை நோண்டி நொங்கெடுத்து, எங்கே தப்பு இருக்கிறது என்று எழுதித் தருவதுதான் வேலை. சுவருக்குள் புகுந்துவிட முடிகிறதா, குதித்தால் தலை கூரையில் சிக்குகிறதா என்று நாள் முழுக்க முட்டிக்கொண்டே இருப்பார். எதற்கெடுத்தாலும் நொட்டை சொல்கிறார் என்று ஆபீஸில் அந்தப் பட்டப்பெயரை அவர் முதுகுக்குப் பின்னால்தான் வைத்தார்கள். அக்கா அதைத் தெரிந்துகொண்டு, தன் காபி கோப்பையிலேயே எழுதி வைத்துக்கொண்டார்.

அக்காவின் கல்யாணம் மூன்று வருஷம்தான் தாங்கியது. பிறகு அப்பா வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டார். அப்பா ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துபவர். பேச்சு அவருக்கு எட்டிக்காய். அன்றைக்குக் கதவைத் திறந்தவர் கேட்டது ஒரே ஒரு வார்த்தை. "சாப்ட்டியா?" ஏன் வந்தாய், என்ன நடந்தது, ஒன்றும் கிடையாது. மாதக்கணக்கில் இருவரும் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டார்கள்.

அப்புறம்தான் இந்த வேலை கிடைத்தது. கம்பெனி ஏற்கெனவே வெளியிட்டிருந்த ஒரு கேமை வீட்டில் உட்கார்ந்து ஆடிப் பழகிக்கொண்டிருந்தார். தீவு தீவாகப் போய், அணைந்து கிடக்கும் விளக்குகளை ஏற்ற வேண்டும். ஒருநாள் சாயங்காலம் பின்னால் அப்பாவின் குரல்.

"ஏம்மா, அந்த ஆளு தண்ணியில விழுந்துட்டானே."

"நான்தாம்பா தள்ளிவிட்டேன். தப்பு இருக்கான்னு பாக்க."

"பாவம்மா. அவன் உனக்கு என்ன பண்ணான்?"

சொல்லிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தவர் அதற்குப் பிறகு எழுந்திருக்கவே இல்லை. வீட்டில் இருந்தது ஒரே கன்ட்ரோலர். அதனால் ஒரு தீவு அப்பாவுக்கு, அடுத்தது மகளுக்கு. ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்கு ஒரு கிழவர் படகில் கொண்டுபோய் விடுவார். சரியாக நாற்பது நொடி. அந்த நேரத்தில் எந்தப் பட்டனும் வேலை செய்யாது. கன்ட்ரோலர் ஒரு மடியிலிருந்து இன்னொரு மடிக்குப் போவது அப்போதுதான்.

அப்பா வாயைத் திறந்ததும் அப்போதுதான். கண் மட்டும் திரையை விட்டு அசையாது.

"அந்த வீட்ல உன்ன ஏதாச்சும் சொன்னாங்களா?"

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதில் சொல்வதற்குள் கரை வந்துவிட்டது. அடுத்த படகில்தான் சொன்னார். "சொன்னாங்கப்பா. தெனமும்." மறுபடி கரை. இப்படியே மூன்று வருஷக் கல்யாணத்தை நாற்பது நாற்பது நொடியாக அப்பாவிடம் சொல்லி முடித்தார். எதிரெதிரே உட்கார வைத்து மனசு விட்டுப் பேசுங்கள் என்று சொல்லியிருந்தால் இருவரும் ஆளுக்கொரு திசையில் ஓடியிருப்பார்கள்.

ஒருநாள் கடைசி விளக்கும் ஏறிவிட்டது. முதலில் இருந்து ஆடலாமா என்று அக்கா கேட்டதற்கு அப்பா முகம் சுளித்தார். "ஏத்துன விளக்கெல்லாம் அணைச்சுட்டா? வேணாம்மா." வீடு பழையபடி ஊமையாகிவிட்டது. ஆனால் வாரம் ஒருமுறை அப்பா கேட்பார்: "ரெண்டாம் பாகம் எப்பம்மா வருது?"

இரண்டாம் பாகம் அக்காவின் மேசைக்குத்தான் முதலில் வந்தது. கேமில் என்னென்ன இருக்க வேண்டும் என்று நம்பர் போட்ட பட்டியல் ஒன்று உண்டு. முந்நூற்றுப் பன்னிரண்டு வரி. அத்தனையும் சரி. கடல் அவ்வளவு அழகு. அக்கா படகில் ஏறினார். திரை ஒரு தடவை கண் சிமிட்டியது. எதிர்க்கரையில் இறங்கியிருந்தார். இரண்டே நொடி.

அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டார். அப்புறம் குறை எழுதும் படிவத்தைத் திறந்தார். பட்டியலில் எந்த நம்பரை மீறுகிறது என்று ஒரு கட்டம் இருக்கும். அதை நிரப்பாமல் குறையை அனுப்பவே முடியாது. எழுந்து டீம் லீடிடம் போனார்.

"படகு சரியில்ல."

"எந்த நம்பர்க்கா?"

"நம்பர் இல்ல."

"நம்பர் இல்லன்னா குறை இல்லக்கா. வாங்குறவங்க எழுதுன கடுதாசி மொத்தமும் படிச்சாச்சு. எல்லாரும் வேகமா போகணும்னுதான் கேட்டிருக்காங்க." லீட் சிரித்துக்கொண்டே தன் திரையைத் திருப்பினார். "இதோ பாருங்க, இத எழுதுனது யாரு?"

'படகு நாற்பது நொடி எடுக்கிறது. ஆடுபவருக்கு எரிச்சல் வரும்.' வேலையில் சேர்ந்த முதல் வாரம் அக்காவே எழுதிய குறை. அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்ததற்கு முந்தின நாள் தேதி.

படகைச் செய்த புரோகிராமர் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். "உண்மைய சொல்லணும்னா அந்தப் படகே ஒரு ஏமாத்து வேலைக்கா. அடுத்த தீவு லோட் ஆக நேரம் ஆகும். அத மறைக்கத்தான் ஒரு கெழவர துடுப்பு போட விட்டேன். இப்பதான் லோடிங் வேகமாயிடுச்சே."

வீட்டுக் கதையை அத்தனை பேர் நடுவில் எப்படிச் சொல்வது? அக்கா யோசித்துவிட்டு, "வெளியாள் ஒருத்தர் ஆடிப் பாக்கட்டும். எங்கப்பாவக் கூட்டிட்டு வர்றேன்," என்றார்.

"நீங்க ஒருத்தர் சொல்ற நொட்டை பத்தாதுன்னு குடும்பமாவா?" என்றார் லீட். ஆனால் சரி என்றார்.

சனிக்கிழமை அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். இரண்டு நாற்காலி, ஒரு கன்ட்ரோலர். லீடும் புரோகிராமரும் பின்னால் நின்றார்கள். படகைப் பற்றி அக்கா அப்பாவிடம் மூச்சு விடவில்லை. அப்பா ஆடினார்.

"தண்ணி நல்லா இருக்கும்மா. தொட்டா கை நனையும் போல."

லீட் புரோகிராமரை முழங்கையால் இடித்தார். ஒரு தீவு, இரண்டு, மூன்று. அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐந்தாவது தீவுக்கும் அப்பா வந்து சேர்ந்தபோது புரோகிராமருக்கே பொறுக்கவில்லை.

"அங்கிள், அக்காவுக்கும் கொஞ்சம் குடுங்களேன். பாவம், பாத்துக்கிட்டே இருக்காங்க."

அப்பா பதறிவிட்டார். "குடுக்கணும்னுதான் தம்பி இருக்கேன். படகு வரட்டும்னு பாத்தேன். இன்னும் வரலையே."

படகு நான்கு தடவை வந்து போயிருந்தது.

"படகு எதுக்கு அங்கிள்?" புரோகிராமரின் குரல் இறங்கியிருந்தது.

"அப்பதானே கை மாத்த முடியும்." அப்பா மகளை ஒருமுறை பார்த்தார். "அதுக்குத்தான்," என்று முடித்துக்கொண்டார்.

லீட் கீபோர்டை இழுத்தார். பட்டியலின் கடைசியில் முந்நூற்றுப் பதிமூன்று என்று அடித்துவிட்டு, "சொல்லுங்கக்கா, எழுதறேன்," என்றார்.

"படகு, ஆள் மாறும் அளவுக்கு நேரம் எடுக்க வேண்டும்."

"அவசரக்காரங்க திட்டுவாங்களே?"

"அவங்களுக்கு ஒரு பட்டன் வச்சிடலாம்," என்றார் புரோகிராமர். "அழுத்தலன்னா கெழவர் அவரு பாட்டுக்குத் துடுப்பு போடட்டும்."

கேம் வெளியாகி இரண்டு மாதம் ஆகிறது. வாங்கியவர்கள் கடலைப் புகழ்ந்து எழுதுகிறார்கள், புதுத் தீவுகளைப் புகழ்கிறார்கள். படகைப் பற்றி இதுவரை ஒருவர்கூட ஒரு வரி எழுதவில்லையாம். அக்காவுக்கு அதில்தான் பரம சந்தோஷம்.

வெளியான அன்றைக்கு அப்பாவும் மகளும் முதல் தீவை முடித்துப் படகில் ஏறினார்கள். அப்பா கன்ட்ரோலரைக் கை மாற்றினார். கண் திரையில்.

"உன் சூட்கேஸ் இன்னும் கட்டிலுக்கு அடியிலயே கெடக்கே. துணியெல்லாம் அலமாரியில வச்சுட்டு, அத பரண்ல ஏத்திடவா?"

இரண்டு வருஷமாக அந்தப் பெட்டியிலிருந்துதான் அக்கா துணி எடுத்து உடுத்திக்கொண்டிருந்தார். என்றைக்கு வேண்டுமானாலும் கிளம்ப வேண்டியவள் போல. கரைக்கு இன்னும் முப்பது நொடி இருந்தது.

"ஏத்திடுங்கப்பா."

இப்போது சனிக்கிழமை மத்தியானங்களில் ஆபீஸில் அப்பா ஆடிய அந்த அறையை எல்லோருக்கும் திறந்துவிடுகிறார்கள். யார் வேண்டுமானாலும் போய், அடுத்து வரப்போகும் கேமை ஆடிப் பார்க்கலாம். அக்கா ஓரமாக உட்கார்ந்து நம் கையையும் முகத்தையும் பார்த்துக் குறித்துக்கொள்வார். மூன்றாவது மாடி. லிஃப்ட் அதன் இஷ்டத்துக்குத்தான் வரும், படியேறிவிடுங்கள். கன்ட்ரோலர் ஒன்றுதான் தருவார்கள், அதனால் தனியாகப் போகாதீர்கள். வீட்டில் அதிகம் பேசாத ஆள் யாராவது இருந்தால் அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.