கோட்டைக்கு முன்னால் குப்புற

"கோட்டை வளாகத்துக்குள் முக்காலி வைத்துப் படமெடுக்க முன்அனுமதி தேவை" என்கிறது வாசல் பலகை. நான் நிற்பதோ வெளியே, பொது நடைபாதையில். இருந்தும் ஒரு மாதத்துக்கு முன்பே ஈப்போவிலிருந்து முறைப்படி விண்ணப்பித்தேன். அரசாங்கக் கோப்புகளோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவன். பதில் இல்லை. நாளைக் காலை எனக்கு பஸ்.

விளக்குகள் எரிந்ததும் மதில் மஞ்சளாகிறது. காவலாளி ஓடி வருகிறார்.

"அண்ணே, முக்காலிய எடுங்க லா. பெர்மிட் இருக்கா?"

"கேட்டிருக்கேன் தம்பி. வேணாம்னு யாரும் சொல்லல."

"சரின்னும் சொல்லலதானே? பாஸ் பார்த்தா எனக்குத்தான் ஏச்சு."

முக்காலியை மடக்குகிறேன். விண்ணப்ப நகல்கள் அடங்கிய தடித்த கோப்பைத் தரையில் போட்டு, அதன்மேல் கேமராவை வைத்துக் குப்புறப் படுக்கிறேன்.

"ஐயோ அண்ணே, ஆளுங்க பார்க்கிறாங்க!"

"பார்க்கட்டும். படுக்கக் கூடாதுன்னு எங்க எழுதியிருக்கு, காட்டுங்க."

அவர் பலகையை மேலிருந்து கீழ்வரை படிக்கிறார். பிறகு, வெளிச்சம் படத்தில் விழாதபடி தன் டார்ச்சை அணைக்கிறார். மூச்சை அடக்கிக்கொண்டு பொத்தானை அழுத்துகிறேன்.

நான் ஈப்போ திரும்பிய மறுநாள், செவ்வாய்க்கிழமை, என் விண்ணப்பத்துக்குப் பதில் வந்தது: எடுக்கவிருக்கும் படத்தின் மாதிரி ஒன்றை இணைத்து மறுபடி விண்ணப்பிக்க வேண்டுமாம். இந்தப் படத்தையே இணைத்து அனுப்பினேன்.