பத்துக் கதவுக்குப் பதினோரு கைப்பிடி

1999 டிசம்பர் 4, சனிக்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். மூன்று நாட்களாக விட்டு விட்டுப் பெய்த மழை அப்போதுதான் தூறலாக இளைத்திருந்தது. பசுமலையில் எங்கள் வீட்டு முன்னறை ஜன்னலின் கைப்பிடி, கட்டிலில் படுத்திருந்த என் மனைவியின் கையோடு வந்துவிட்டது.

நான் சமையலறையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். ‘டக்’ என்று ஒரு சத்தம், பிறகு அவள் குரல்.

“ஏங்க, இது கையோட வந்துருச்சுங்க.”

அவள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து அன்றைக்கு எண்பத்து மூன்றாவது நாள். தகடு வைத்துத் தைத்திருந்தார்கள். பொங்கல் வரை எழுந்து உட்காரக்கூட டாக்டர் அனுமதிக்கவில்லை. தலைக்கு ஒரே ஒரு தலையணை. தண்ணீர் நான் கொடுக்க வேண்டும், தலை நான் வார வேண்டும், மற்றதும் நான்தான். அவளாகச் செய்துகொண்டது ஒன்றே ஒன்று. காலையில் அந்த ஜன்னலைத் திறப்பது. கட்டில் ஜன்னலை ஒட்டிக் கிடந்தது. கதவு உள்பக்கம் திறக்கும். படுத்தபடியே கையை நீட்டி, கைப்பிடியைப் பிடித்து இழுத்துவிட்டு, கம்பி வழியாகத் தெருவோடு பேச ஆரம்பிப்பாள். கீரைக்காரியிடம் பேரம், எதிர்வீட்டில் என்ன குழம்பு, எந்தப் பையன் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டான், எல்லாம் அந்தக் கம்பி வழியாகத்தான் நடந்தது. “இதையாச்சும் நானே செஞ்சுக்கிறேனே” என்று ஒருமுறை சொன்னாள். ஒருமுறைதான். நான் கேட்டேன். கேட்டதோடு சரி.

கைப்பிடி உடைந்ததில் எனக்குக் கோபமில்லை. 1974இல் மாட்டிய இரும்பு. இருபத்தைந்து வருடம் உழைத்துவிட்டது. மழைக்கு ஊதிய மரத்தை இழுத்தால் துருவேறிய கால் ஒடியத்தான் செய்யும். கோபம் எல்லாம் அதற்கு அப்புறம் வந்தது. இன்றைக்கும் அடங்கவில்லை.

முதல் கோபம் அரைமணி நேரத்தில் வந்தது. கடைக்குக் கிளம்பச் சட்டையை மாட்டினேன்.

“இன்னைக்குச் சனிக்கிழமை” என்றாள்.

“அதுக்கு?”

“சனிக்கிழமை இரும்பு வாங்கி வீட்டுக்குள்ள கொண்டாராதீங்க. இடுப்பு ஒடிஞ்சது பத்தாதா?”

நான் ஒரு நூற்பாலையின் ஸ்டோரில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவன். ஆயிரக்கணக்கான இரும்புச் சாமான்களை எண்ணி எண்ணி உள்ளே எடுத்து வெளியே கொடுத்திருக்கிறேன். அதில் பலவற்றைச் சனிக்கிழமையிலும் எடுத்திருக்கிறேன். ஆலை ஒன்றும் ஒடிந்துவிடவில்லை. இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். குடையை எடுத்துக்கொண்டு பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கு பஸ் ஏறினேன்.

தெற்கு வாசல் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடை. ஒடிந்த கைப்பிடியை மேஜையில் வைத்து, “இதே மாதிரி இரும்பில் ஒன்று” என்றேன். கடைக்காரர் அதைத் தொடக்கூட இல்லை.

“இன்னைக்கு இரும்பா சார்? பெரியவங்க இப்புடி எடுக்க மாட்டீகளே. அலுமினியத்துல தாரேன். அது சனிக்குக் கணக்குல வராது.”

“எனக்கு இரும்புதான் வேண்டும். மற்ற ஒன்பது ஜன்னல் கதவிலும் இரும்பு.”

“ஒம்பது இரும்போட ஒரு அலுமினியம் இருந்தா ஜன்னல் சண்டை போடுமா சார்?” என்றார். பக்கத்தில் ஆணி எடுக்க வந்தவர் சிரித்தார்.

கோபத்தில் எதையும் வாங்காமல் திரும்பிவிட்டேன். ஞாயிறு கடை கிடையாது. இரண்டு நாளும் ஜன்னலை நான்தான் திறந்தேன். கதவிடுக்கில் தோசைத் திருப்பியைக் கொடுத்து நெம்ப வேண்டும். அவள் ஆறு பத்துக்குக் கூப்பிடுவாள், நான் தோசைத் திருப்பியோடு வருவேன். திங்கட்கிழமை போய் இரும்புக் கைப்பிடியும் நான்கு ஸ்க்ரூவும் வாங்கிவந்தேன். கறுப்பு பெயிண்ட் அடித்தது. நல்ல கனம்.

இரண்டாவது கோபம் ஆசாரி மேல். செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கு வருவதாகச் சொன்னவர் பதினொன்று நாற்பதுக்கு வந்தார். வாசலுக்குப் போய் வாயைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். கறுப்பு வேட்டி, வெறுங்கால், கழுத்தில் துளசி மாலை, நெற்றி நிறைய விபூதி சந்தனம். மலைக்கு மாலை போட்டிருக்கிறார்.

“சாமி சரணம். பூஜை முடியச் செத்த நேரமாயிருச்சு சாமி.”

மாலை போட்டவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, ‘சாமி’ என்றுதான் சொல்ல வேண்டும். அவரும் நம்மைச் ‘சாமி’ என்பார். இரண்டு சாமிகள் எதிரெதிரே நின்றுகொண்டு இரண்டு மணி நாற்பது நிமிடத் தாமதத்தைப் பற்றி எப்படிப் பேசுவது? “பரவாயில்லை சாமி” என்றேன். சொன்ன வாய் கசந்தது.

உள்ளே வந்ததும் அவள் மெல்ல, “மாலை போட்டிருக்கவர வையாதீங்க” என்றாள்.

“நான் ஒன்றும் வையவில்லையே.”

“மூஞ்சியில வையுறீங்க.”

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் ஜன்னல் ஐந்து, அவற்றுக்குக் கதவு பத்து. ஒவ்வொரு கதவும் மூன்றடி உயரம். ஒன்பது கதவுகளில் கைப்பிடி நட்டநடுவில், அடியிலிருந்து பதினெட்டு அங்குலத்தில் இருக்கிறது. இந்த ஒரு கதவில் மட்டும் ஏழு அங்குலத்தில். வீடு கட்டியவர்கள் செய்த தவறு என்று இருபத்தைந்து வருடமாகப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் பட்டிருக்கிறேன். இப்போது சரிசெய்ய ஒரு சந்தர்ப்பம் வந்தது.

“பழைய ஓட்டையிலயே மாட்டிரவா சாமி?” என்றார் ஆசாரி.

“கூடாது சாமி. அதை அடைத்துவிட்டு, மேலே பதினெட்டு அங்குலத்தில் வையுங்கள்.”

படுக்கையிலிருந்து, “இருந்த எடத்துலயே இருக்கட்டுமேங்க” என்று அவள் சொன்னாள்.

“இது அளவு விஷயம். நீ பேசாமல் இரு.”

அவர் டேப்பை வைத்து அளந்து, விரலால் தட்டிப் பார்த்தார். “சாமி, இந்த எடத்துல கணு இருக்கு. ஸ்குரு ஏறாது. அதுக்காகத்தேன் முன்ன வேல பாத்தவரு கீழ எறக்கி வச்சிருக்காரு.”

ஆக, அது தவறே இல்லை. யாரோ ஒரு மனிதன் 1974இல் மரத்தைப் பார்த்து யோசித்து வைத்திருக்கிறான். அப்போதாவது நான் விட்டிருக்கலாம். “கணு இருந்தால் துளை போட்டு ஏற்றுங்கள் சாமி” என்றேன். கை டிரில்லை வைத்து முக்கால் மணி நேரம் முக்கினார். ஒரு ஸ்க்ரூ தலை சிதைந்து, வேறு போட்டார். பழைய துளைகள் நான்கையும் முளை அடித்து, மரத்தூளும் பசையும் வைத்துத் தேய்த்து, இருந்த இடம் தெரியாமல் ஆக்கினார். நாற்பது ரூபாய் பேசிய வேலைக்கு எழுபது கேட்டார். கணுவுக்கு முப்பதாம். வாதாட வாயெடுத்தேன். “மலைக்குப் போறவருக்குக் காணிக்கை வச்சுக் குடுங்க” என்று கட்டிலிலிருந்து உத்தரவு. எழுபதோடு பதினொன்றும் சேர்த்துக் கொடுத்துக் கும்பிட்டு அனுப்பினேன்.

“நாளைக்கு மலைக்குக் கிளம்புறேன். வர பத்து நாளாகும் சாமி” என்று சொல்லிவிட்டுப் போனார்.

புதனும் வியாழனும் ஜன்னலை நானே திறந்தேன். புதுக் கைப்பிடியை இழுப்பதில் ஒரு சந்தோஷம். பத்தும் ஒரே மட்டத்தில். ஐந்தரை மணிக்கே எழுந்து போய்த் திறந்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கும் பிடித்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை மருந்துச் சீட்டோடு நான் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. எட்டே முக்காலுக்குச் சாரல் அடித்தது. அவள் மேல் தெறிக்காமல் ஜன்னலைச் சாத்திவிட்டு, “மழை விட்டதும் திறந்துகொள்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். திரும்பியபோது பதினொன்று இருபது. மழை நின்று வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. கதவைத் திறந்து உள்ளே வந்தால் இருட்டு. கரண்ட் இல்லை, ஃபேன் இல்லை. ஜன்னல் சாத்தியபடி இருந்தது. எழுந்து நடக்கும் நாளுக்கென்று ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த கைத்தடி கட்டிலுக்குக் கீழே கிடந்தது.

டார்ச் அடித்துக் கைப்பிடியைப் பார்த்தேன். கறுப்பு பெயிண்டில் கீறல்கள். எண்ணினேன். ஒன்பது.

என் வாயிலிருந்து முதலில் வந்தது இதுதான்: “மூன்று நாள் ஆகவில்லை, புதுச் சாமானில் இப்படிக் கீறல் விழுந்திருக்கிறதே!”

“கீறுனது நாந்தேன்” என்றாள். முகமும் தலையணையும் வியர்வையில் நனைந்திருந்தன. “கை எட்டல. கம்பு எட்டுச்சு. கம்புக்கு இழுக்கத் தெரியல.”

“எதிர்வீட்டுக்காரர்களைச் சத்தம் போட்டுக் கூப்பிட வேண்டியதுதானே?”

“எதுக்குக் கூப்புடணும்? மழையில லேட்டா வந்த கீரைக்காரி ரெண்டு தடவ கூப்புட்டா. ஜன்னல் சாத்தியிருக்கவும், ‘அக்கா தூங்குது, உடம்புக்கு முடியல போல’ன்னு எதிர்வீட்ல சொல்லிட்டுப் போறா. நான் உள்ள முழிச்சுக்கிட்டுக் கெடக்கேன். ஒரு கட்டுக் கீரைக்கு, ‘யம்மா நான் முழிச்சுத்தான் இருக்கேன்’னு அழச் சொல்றீங்களா?”

அவள் நிறுத்தவில்லை. நாற்பத்தொரு வருடத்தில் அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

“பத்துக் கதவையும் அளந்தீங்கள்ல? என் கை எம்புட்டு நீளம்னு அளந்தீங்களா? இருந்த எடத்துலயே இருக்கட்டும்னு சொன்னேன். பேசாம இருன்னீங்க. பேசாம இருந்தேன். நீங்க ரிட்டயராகிப் பன்னெண்டு வருசமாச்சு, இந்த வீட்ட இன்னும் ஸ்டோராத்தான் வச்சிருக்கீங்க. என்னையும் ரிஜிஸ்டர்ல ஏத்திட்டு, இந்தச் சாமான் இந்த எடத்துலன்னு கெடத்திட்டீங்க.”

ஜன்னலைத் திறந்தேன். வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. திரும்பி அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டாள். மத்தியானம் வரை தெருவைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை.

அன்று முழுக்க எனக்கு ஆத்திரம். யார் மேல் என்று ஒரு பட்டியல் போட்டேன். மழை, கடைக்காரர், மாலை போட்ட ஆசாரி, கரண்ட் ஆபீஸ், கணு. ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தால் கடைசியில் அடிக்க முடியாமல் நின்றது என் பெயர். சாயங்காலம் டேப்பை எடுத்துக்கொண்டு கட்டிலருகே போனேன்.

“கையை நீட்டு.”

“எதுக்கு? இப்ப அளந்து யாருக்குக் குடுக்கப் போறீங்க?”

“நீட்டேன்.”

நீட்டினாள். கதவின் அடியிலிருந்து விரல் நுனி தொட்டது ஒன்பது அங்குலம். வலிக்காமல், இழுக்கிற அளவுக்குப் பிடித்தது ஏழு. முளை அடித்து, மரத்தூள் வைத்து, இருந்த இடம் தெரியாமல் நான் அடைக்கச் சொன்ன அதே இடம்.

மறுநாள் மறுபடியும் சனிக்கிழமை. அதே கடை. கடைக்காரர் என்னைக் கண்டதும் இரண்டு கையையும் மேஜையில் ஊன்றிக்கொண்டார்.

“என்ன சார், இன்னைக்கும் இரும்பா?”

“அலுமினியம்.”

“நான் அன்னைக்கே சொன்னேன்ல?”

இவரிடம் மாலை இல்லை, வாயாரத் திட்டியிருக்கலாம். ஆனால் சொன்னது உண்மை. ஒரு திருப்புளியும் வேண்டும் என்றேன். “வீட்ல திருப்புளி இல்லையா சார்?” என்றார். முப்பத்தொரு வருடம் நூற்றுக்கணக்கான பேருக்குத் திருப்புளி எடுத்துக் கொடுத்தவன் நான். ஒன்றைக்கூடக் கையில் பிடித்து வேலை பார்த்ததில்லை. அதை அவரிடம் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து ஏழு அங்குலத்தில் ஆணியை வைத்து அடித்துத் துளை போட்டேன். மூன்று ஸ்க்ரூ நேராக ஏறின. நான்காவது கோணிக்கொண்டு, தலை பாதி வெளியே நிற்கிறது. கைப்பிடியும் கொஞ்சம் சாய்வுதான். அவள் படுத்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கோணலா இருக்கே” என்றாள்.

“இருக்கட்டும்.”

“மேல இருக்கத கழட்டலையா?”

“கணுவில் ஏறிய ஸ்க்ரூ வராது.”

வருமோ வராதோ, நான் முயலவில்லை. அந்தக் கதவில் இப்போதும் இரண்டு கைப்பிடி இருக்கிறது. அளவான இடத்தில் ஒன்பது கீறலோடு கறுப்பு இரும்பு, அதற்குப் பதினோரு அங்குலம் கீழே கோணலாக வெள்ளை அலுமினியம். அவள் பொங்கலுக்குப் பிறகு எழுந்து நடந்தாள், கட்டிலை வேறு அறைக்கு மாற்றினோம். வருகிறவர்கள் எல்லாரும் “இதென்ன ரெண்டு?” என்று கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் எனக்கு எரிகிறது.

டிசம்பர் 12, ஞாயிறு. ஆறு மணி பத்து நிமிடத்துக்கு நான் சமையலறையில் இருந்தேன். வேண்டுமென்றேதான் இருந்தேன். மரம் கிறீச்சிட்டது. பிறகு தெருவில் கீரைக்காரி குரல்: “அக்கா, ஒடம்பு தேவலையா?”

“எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன். அரைக்கீரை என்ன வெல? நேத்து வந்தது முத்தலு. எதிர்வீட்ல சொன்னாக. அந்தக் கட்டைத் தள்ளி வையி.”

பால் பொங்கி வழிந்தது. அடுப்பை அணைத்தேன். கைப்பிடி இரண்டு, ஸ்க்ரூ, திருப்புளி, மூன்று தடவை பஸ் போய் வந்தது, ஆசாரி கூலி, காணிக்கை எல்லாம் சேர்த்து நூற்று அறுபது ரூபாய்.